வருவான் என்றீர்கள், அண்ணை

அண்ணை,

இடது கையைச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டேன். போகவில்லை. உள்ளங்கையை மூக்கருகே கொண்டுவந்தால் இன்னும் தேங்காயெண்ணெய் நாறுகிறது. மணக்கிறது என்று எழுதலாம்தான். செத்துப்போன ஆளுக்கு எழுதுகிறவர்கள் எல்லாரும் அப்படித்தான் எழுதுவார்கள். ஆனால் இது நாற்றம். வருடக்கணக்காகத் தோலில் ஊறி, மைதானத்துச் சாமான் வைக்கும் கொண்டெய்னர் வெக்கையில் காய்ந்து, குளிரில் உறைந்து, சிக்குப் பிடித்துப்போன எண்ணெய். உங்கள் பழைய கையுறையிலிருந்து என் கையில் ஏறியது. இன்றைக்கு அதை நான் போட வேண்டி வந்தது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

பேஸ்போல் கையுறைக்குத் தேங்காயெண்ணெய் பூசிய பயிற்சியாளர் இந்த ஜெர்மனியில் நீங்கள் ஒருவராகத்தான் இருப்பீர்கள். எத்தனை தரம் சொன்னேன். "அண்ணை, உது தோலுக்குக் கூடாது. தையல் இத்துப்போகும். உள்ளுக்கை இருக்கிற பஞ்சு அமுங்கிப்போகும். இதுக்கெண்டு கிறீம் விக்கிறாங்கள்." நீங்கள் போத்தலை மூடாமலே மறுமொழி சொன்னீர்கள்: "தலைக்கு நல்லது எண்டால் இதுக்கும் நல்லதுதான். தலையிலை இருக்கிறது என்ன, இரும்பே? அதுவும் தோல்தானே." கழகத்துப் பிள்ளைகள் எல்லாருடைய கையுறைக்கும் பூசிவிட்டீர்கள். எதிரணிக்காரர் எங்களைத் 'தேங்காய்கள்' என்று கூப்பிடத் தொடங்கினார்கள். உங்களுக்கு அதில் பெருமை வேறு.

உங்களுக்கும் எனக்கும் நடந்த சண்டை முடியவில்லை அண்ணை. நடுவில் நீங்கள் எழும்பிப் போய்விட்டீர்கள். செத்தவீட்டில் ஆளாளுக்கு உங்களைப் பற்றி நல்லதாகச் சொன்னார்கள். நான் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். இனி ஏலாது.

இந்த நாட்டுக்கு வந்து நீங்கள் முதலில் பார்த்த வேலை, ஸ்டுட்கார்ட்டுக்குப் பக்கத்தில் அமெரிக்கப் படைமுகாம் சமையலறையில் கோப்பை கழுவியது. பின்னேரங்களில் சிப்பாய்கள் பேஸ்போல் விளையாட, நீங்கள் குப்பை வாளியோடு வேலியில் நின்று பார்த்தீர்கள். ஒரு நாள் ஆள் காணாது என்று உங்களையும் இறக்கினார்கள். இந்தக் கதையை நீங்கள் சொல்லாத பயிற்சி நாள் கிடையாது. பிறகு பாண் சுடுகிற தொழிற்சாலை. பிறகு நெக்கார் ஆற்றங்கரையில் எங்கள் சின்ன ஊர், தோட்டத்துண்டுகளுக்குப் பின்னால் எங்கள் சின்ன மைதானம். விதிகள் உங்களுக்கு அரைவாசிதான் தெரியும். நடுவரோடு ஜெர்மனில் தொடங்கித் தமிழில் முடிப்பீர்கள். ஆனால் ஆளைப் பார்த்தால் தெரியும் என்ற நினைப்பு மட்டும் உங்களுக்கு நிறைய இருந்தது.

கழகத்தில் தமிழர் என்று முதலில் நீங்களும் நானும்தான். நான் அண்ணை என்று கூப்பிடுவதைக் கேட்டு மற்றவர்கள் அதுதான் உங்கள் பெயர் என்று நினைத்துவிட்டார்கள். உங்கள் தகப்பன் வயசுள்ள கழகத் தலைவர் உங்களை 'ஹெர் அண்ணை', திருவாளர் அண்ணை, என்று கூப்பிடுவார். நான் திருத்தப் போக, நீங்கள் என் காலில் மிதித்தீர்கள். "விடடா. வெள்ளைக்காரன் முழுப்பேரும் எனக்குத் தம்பியாய் இருந்திட்டுப் போகட்டும்."

சிரிக்க வைப்பதில் குறையில்லை. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

உங்களிடம் ஒரு சொல் இருந்தது. வருவான். ஒரு பெடியன் மைதானத்தில் இறங்கி நாலு பந்து எறிவான். மூன்று வேலியில் படும், ஒன்று எங்கேயோ விழும். நீங்கள் தாடையைத் தடவிக்கொண்டு சொல்வீர்கள்: "உவன் வருவான்." இன்றைக்கு ஒன்றுக்கும் உதவாது, ஆனால் ஒரு நாள் பெரிய ஆளாய் வருவான். அவ்வளவையும் அந்த ஒரு சொல்லுக்குள் அடக்கிவிடுவீர்கள். அதற்குப் பிறகு அந்தப் பெடியனுக்காக யாரை வேண்டுமானாலும் வெளியே இருத்துவீர்கள்.

முதலில் வெளியே இருந்தவன் மத்தியாஸ்.

வீடுகளுக்குக் குழாய் பூட்டுகிறவன். முப்பது தாண்டிய ஆள். அவன்தான் அப்போது எங்கள் பிட்சர், பந்து எறிகிறவன். பேஸ்போலில் பாதி ஆட்டம் பிட்சரின் கையில். மத்தியாஸின் பந்தில் பெரிய வேகம் கிடையாது. ஆனால் எங்கே போடு என்றால் அங்கே போடுவான், மழையிலும் போடுவான், வேலை முடிந்து களைத்து வந்தும் போடுவான். செய்து காட்டினவன். எனக்கு அப்போது பதினாறு. பந்து பறக்கும். எங்கே பறக்கும் என்று எனக்கே தெரியாது.

அன்றைக்கு நீங்கள் என் தலையில் கையை வைத்து, இன்றைக்கு இவன்தான் எறிகிறான் என்று ஜெர்மனில் சொன்னீர்கள். மத்தியாஸ் ஏன் என்று கேட்டான். உங்களுக்கு அந்தச் சொல்லை விட்டால் வேறு மறுமொழி தெரியாது. அதை அப்படியே ஜெர்மனில் தூக்கிப் போட்டீர்கள்: "எர் கொம்ட்."

வருகிறான்.

மத்தியாஸ் திரும்பி மைதானத்து வாசலைப் பார்த்தான். பார்த்துவிட்டு, "வேர்?" என்றான். யார் வருகிறது? வாசலில் ஒரு கிழவி நாயோடு போய்க்கொண்டிருந்தாள். எல்லாரும் அந்தக் கிழவியைப் பார்த்துச் சிரித்தார்கள். மத்தியாஸும் சிரித்தான். நீங்கள் சிரிக்காமல் என் தலையை இன்னொரு தரம் தட்டி, "எர். எர் கொம்ட்" என்றீர்கள். வருகிறவன் ஏற்கெனவே பக்கத்தில் நிற்கிறான் என்று அவனுக்கு விளங்கிய கணத்தை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். சிரிப்பு வாயிலேயே நின்றுவிட்டது. அன்றைக்கு ஆட்டம் முடியும் வரைக்கும் மைதானத்து ஓர வாங்கில் குந்தி இருந்தான், எல்லாருக்கும் கை கொடுத்தான், பையைத் தூக்கிக்கொண்டு போனான். பிறகு வரவில்லை.

நீங்கள் அந்தக் கதையைப் பகிடியாகத்தான் சொல்லித் திரிந்தீர்கள். நாயோடு போன கிழவியைப் பிட்சர் என்று நினைத்துவிட்டான் மத்தியாஸ் என்று.

அடுத்த வருடம் என் முறை. பவேரியாவில் ஒரு பேஸ்போல் முகாம். அமெரிக்காவிலிருந்து ஆள் பொறுக்குகிறவர்கள் வேகம் அளக்கும் கருவியோடு வருகிறார்கள் என்று எங்கேயோ கேள்விப்பட்டு, உங்கள் காரில் என்னை ஏற்றிக்கொண்டு போனீர்கள். வழி முழுக்க முழங்கை நோகிறது என்று சொல்லிக்கொண்டு வந்தேன். "இண்டைக்குப் பல்லைக் கடிச்சுக்கொண்டு எறி. இவங்கள் பேந்து வரமாட்டாங்கள்" என்றீர்கள். எறிந்தேன். ஏதோ ஒரு பந்தில் முழங்கைக்குள் 'டிக்' என்றது. கருவி பிடித்துக்கொண்டு நின்ற ஆள் அதைக் கீழே இறக்கிவிட்டு அடுத்த பெடியனிடம் போனார். அதில் பிழையில்லை, அவர் வேலை அது.

திரும்பி வரும்போது பெற்றோல் நிலையத்தில் நிறுத்தி என் அப்பாவுக்கு போன் அடித்தீர்கள். நான் கைக்கு ஐஸ் கட்டி வைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தேன். "ஓம் அண்ணை, கொஞ்சம் சுணங்கும். ஆனால் வருவான்" என்றீர்கள். பிறகு முழங்கையில் வெட்டுத் தையல். பள்ளிக்கூடத்தில் ஒரு வருடம் போனது. அப்பா உங்களோடு கதைப்பதை விட்டுவிட்டார். நான் ஆவுஸ்பில்டுங் செய்து தொழில் படித்து, ஒரு பட்டறையில் போய் நின்றேன்.

அந்தத் தொழிலைப் பற்றி உங்களுக்கு ஒருமுறை விளக்கிச் சொன்னேன், நினைவிருக்கிறதா? கார்ப் பாகங்களைச் சோதிக்கிற கூடம். பாகத்தைக் கருவியில் பூட்டி, முறியும் வரைக்கும் குலுக்குவோம். "புதுசாய் வந்த பாகத்தை வருவான் எண்டு சொல்லி ஒருத்தரும் வண்டியிலை பூட்டுறேல்லை அண்ணை. முதல் மேசையிலை முறியோணும். ஆள் ஏறினாப்பிறகு முறியக்கூடாது." உங்களுக்கு உறைக்கட்டும் என்றுதான் சொன்னேன். நீங்கள் கோப்பியை ஊதிக்கொண்டு, "இரும்புக்கு நாளைக்கு எண்டு ஒண்டு இல்லையடா. மனிசனுக்கு இருக்கு" என்றீர்கள்.

நல்ல மறுமொழி. அதனால்தான் எனக்கு இன்னும் ஆத்திரம் வருகிறது. நல்ல மறுமொழி சொல்லத் தெரிந்தவர் செய்வதெல்லாம் சரி ஆகிவிடாது.

கை ஆறியதும் நான் ஏன் அந்த மைதானத்துக்கே திரும்பி வந்தேன் என்று என்னிடம் கேட்காதீர்கள். விளையாட்டுப் பிடிக்கும். அவ்வளவுதான். வேகம் போய்விட்டது. அதனால் மத்தியாஸ் எறிந்தது போல எறியப் பழகினேன். இடம் பார்த்து, ஆளைப் பார்த்து, அவசரப்படாமல். பொறுமை இல்லாத நான் பந்தில் மட்டும் பொறுமை பழகினேன். பத்து வருடம் போனது. போன வருடம் அந்தக் கையால்தான் எங்கள் அணி முதலிடத்துக்கு வந்தது. செப்டெம்பரில் ஒரே ஒரு ஆட்டம். வென்றால் மேல் லீக். கழகம் தொடங்கிய காலத்திலிருந்து அங்கே போனதில்லை. எனக்கு இருபத்தெட்டு. அந்த முழங்கையில் இன்னும் எத்தனை வருடம் இருக்கிறது என்று மருத்துவரே சொல்லத் தயங்கினார். அந்த ஆட்டத்தை எறிய வேண்டும் என்று நான் ஆசைப்பட்டது போல் வேறு எதற்கும் ஆசைப்பட்டதில்லை.

நீங்கள் தர்சனின் தலையில் கையை வைத்தீர்கள்.

தர்சன். பதினாறு வயசு. ஆரம்பத்திலிருந்தே உங்கள் கண் அவனில்தான். என்னைவிட வேகம், பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த வருடம் தோற்றாலும் பரவாயில்லை என்ற ஆட்டங்களில் மட்டும்தான் எறிந்திருந்தான். அவன் முகத்தைப் பார்த்தேன். சுண்ணாம்பு பூசியது போல இருந்தது.

"அண்ணை, விசரே உங்களுக்கு?" என்றேன்.

"பொறு."

"வருசம் முழுக்க எறிஞ்சவன் நான். இண்டைக்கு இவன் எறிஞ்சு பழகிற நாளே?"

"நீ எறிஞ்சால் வெல்லுவம். தெரியும்."

"தெரிஞ்சுகொண்டுதான் செய்யிறியளோ?"

நீங்கள் அவன் கையில் பந்தை வைத்தீர்கள். அப்போதே உங்கள் சட்டை தோளில் தொங்கியது, கண்வெள்ளை மஞ்சளாக இருந்தது. பார்த்தேன். கவனிக்கவில்லை.

அந்த ஆட்டத்தை இன்னொரு தரம் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் சொல்லுவேன். அடிக்க எட்டாத இடத்தில் நாலு பந்து போட்டால், அடிக்க வந்தவன் மட்டையைக் கீழே போட்டுவிட்டு மைதானத்து முதல் மூலைக்கு, முதல் பேஸுக்கு, நடந்து போவான். ஓடத் தேவையில்லை. தர்சன் முதல் ஆளை நடக்க வைத்தான். இரண்டாவது ஆளையும். பிறகு எல்லாரும் நடந்தார்கள். பேஸ்கள் நிறைந்து, பின்னால் வருகிறவன் முன்னால் நிற்பவனைத் தள்ளத் தள்ள, எதிரணிக்காரர் ஆற்றங்கரையில் உலாத்துவது போல ஒவ்வொருவராக நடந்து வந்து புள்ளி எடுத்தார்கள். ஒருவனுக்கும் வேர்க்கவில்லை. என்னை இறக்குங்கோ என்று உங்களிடம் மூன்று தரம் வந்தேன். மூன்று தரமும் வாசலைப் பார்ப்பது போல எங்கேயோ பார்த்துக்கொண்டு சொன்னீர்கள்: "பொறு. வருவான்."

கடைசியில் நீங்கள் அவனை எடுத்தபோது ஆட்டம் முடிந்துவிட்டது. துவாயை முகத்தில் போட்டுக்கொண்டு வாங்கின் மூலையில் இருந்தான். துவாய் மேலும் கீழுமாக ஆடியது. அவனுடைய தகப்பன் வேலிக்கு வந்து, எல்லாருக்கும் கேட்கத் தமிழில் கேட்டார்: "என்ரை பிள்ளை என்ன, உங்களுக்குச் சீட்டுக்கட்டே?"

வாகனத் தரிப்பிடத்தில் நானும் விடவில்லை.

"வந்தவனை வாசலிலை நிப்பாட்டிப்போட்டு, வராதவனுக்குக் கதிரை போட்டனீங்கள்," என்றேன்.

"நீ வந்திட்டாய். அவன் இனித்தான் வரோணும்."

"அவன் இனி இந்தப் பக்கமே வரமாட்டான்! பாத்தியளே அவன்ரை முகத்தை? பந்தயம் கட்டினது நீங்கள். கை அவன்ரை. என்ரை கையையும் இப்பிடித்தான் வைச்சுக் கட்டினீங்கள்."

கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றீர்கள். நான் அதைக் கோபம் என்று நினைத்தேன். நிற்க ஏலாமல் பிடித்திருக்கிறீர்கள். அது பிறகுதான் தெரிந்தது.

நவம்பரில் ஆஸ்பத்திரியில் உங்களைப் பார்க்க வந்தேன். சமாதானம் பேச இல்லை. சண்டையை முடிக்க வந்தேன். உங்கள் மனைவி வதனி அக்கா என்னைக் கண்டதும், "இருந்து கதையுங்கோ தம்பி, நான் ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு வாறன்" என்று வெளியே போனா. உங்கள் கை கட்டில் விரிப்பின் மேல் மெலிந்து கிடந்தது. அதைப் பார்த்தால் கோபம் குறைந்துவிடும் என்று தெரிந்து, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு கேட்டேன். "ஏன் அண்ணை எப்பவும் பொடியளிலையே கட்டிறியள்?"

தலையணையில் கொஞ்சம் நிமிர்ந்து சொன்னீர்கள்.

"ஊரிலை சண்டை. வீட்டிலை ஒராளைத்தான் வெளிநாட்டுக்கு அனுப்பலாம் எண்ட நேரம். என்ரை பெரியண்ணைக்குக் கூட்டுறவுக்கடையிலை வேலை. ஊருக்கே அவரைத் தெரியும், கெட்டிக்காரன், ஒரு சொல் பிசகமாட்டார். எனக்குப் பதினேழு. ஒண்டுக்கும் உதவாதவன். அவரே சொன்னவர், இவனை அனுப்புங்கோ, இவன் வருவான் எண்டு."

"பெரியண்ணை?"

"பிறகு வாறன் எண்டவர்."

"வந்தவரோ?"

நீங்கள் கண்ணை மூடினீர்கள். "வரேல்லை."

பக்கத்துக் கட்டிலில் யாரோ தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார்கள். எனக்கும் ஒரு தேத்தண்ணியோடு அக்கா உள்ளே வந்தா.

இதைக் கேட்டதும் என் கோபம் கரைந்துவிடும் என்று நினைத்தீர்களோ தெரியாது. கரையவில்லை. கூடியது. உங்களுக்குத் தெரிந்திருக்கிறது அண்ணை. ஒருவனை நம்பி இன்னொருவனை விட்டுவிட்டு வந்தால், விடப்பட்டவனுக்கு என்ன நடக்கும் என்று இந்தக் கழகத்தில் தெரிந்த ஒரே ஆள் நீங்கள். தெரிந்துகொண்டு மத்தியாஸை இருத்தினீர்கள். தெரிந்துகொண்டு என்னை இருத்தினீர்கள். பெரியண்ணை கட்டிய பந்தயம் சரி என்று காட்ட, இன்னும் எத்தனை பெடியளை நீங்கள் வர வைக்க வேண்டியிருந்தது? ஒருவன் வந்தால் போதாதா? நீங்கள் வந்தீர்களே. அது உங்களுக்குக் காணவில்லையா?

இதை அன்றைக்கே கேட்டிருக்கலாம். அக்கா வந்துவிட்டா. அடுத்த கிழமை நீங்கள் போய்விட்டீர்கள்.

உங்கள் தகனத்துக்கு மத்தியாஸ் வந்தான். தாடி நரைத்து, கறுப்புச் சட்டை வயிற்றில் இறுகி நின்றான். பெட்டிக்கு முன்னால் போய், "மாக்ஸ் கூட், அண்ணை" என்றான். சுகமாய்ப் போய் வா என்று. உங்கள் சொந்தக்காரர் ஒருவரையொருவர் பார்த்தார்கள், இந்த வெள்ளைக்காரன் எந்த முறையில் தம்பி என்று. வெளியே வந்து சிகரெட் பற்றவைத்துக்கொண்டு எனக்கு ஒரு விஷயம் சொன்னான். ஒவ்வொரு மார்ச்சிலும் நீங்கள் அவனுக்கு போன் அடித்தீர்களாம். வேறு கதை இல்லையாம். ஒரே கேள்வி. "கொம்ஸ்ட் டு?" வாறியா? அவன் ஒவ்வொரு முறையும் இல்லை என்றானாம். நீங்கள் சரி என்று போனை வைத்துவிடுவீர்களாம்.

"ஏன் வரவில்லை?" என்று கேட்டேன்.

"பிடிவாதம்," என்றான். "ஆனால் மார்ச் வந்தால் போனைப் பார்த்துக்கொண்டிருப்பேன்."

வீட்டுக்கு ரயிலில் வரும்போது அதுதான் எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. மத்தியாஸிடம் நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். வாறியா என்று. அவனிடமே, இல்லை என்று சொல்ல அவனுக்கு இடம் விட்டு. எங்களிடம் ஒருபோதும் கேட்கவில்லை. எங்களைப் பற்றி மற்றவர்களுக்குத்தான் சொன்னீர்கள். அப்பாவுக்கு, மத்தியாஸுக்கு, கருவி பிடித்த ஆளுக்கு. வருவான், வருவான் என்று. தலையில் கையை வைத்துக்கொண்டு, தலைக்குள் என்ன இருக்கிறது என்று கேட்காமல்.

இந்த வருடம் அணியை என்னைப் பார்க்கச் சொன்னார்கள். வேறு ஆள் இல்லை, அதனால்தான். நான் முதலில் செய்ய நினைத்தது நீங்கள் செய்த எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்வது. தேங்காயெண்ணெய்ப் போத்தல்களைக் குப்பையில் போட்டேன். செய்து காட்டினவன் மட்டும்தான் இறங்குவான் என்று முதல் கூட்டத்திலேயே சொன்னேன். எல்லாரும் தலையாட்டினார்கள். யாரோ கேட்டார்கள், தர்சன் வருவானா என்று. செப்டெம்பருக்குப் பிறகு அவனை ஒருவரும் காணவில்லை. நான் வாயைத் திறந்தேன், வந்த மறுமொழியைக் கண்டு பயந்து மூடினேன். தெரியாது என்றேன்.

போன புதன்கிழமை அவன் வீட்டுக்குப் போனேன். தாய் கதவைத் திறந்து, உள்ளே விடுவதா வேண்டாமா என்று ஒரு கணம் யோசித்து, விட்டா. அவன் அறையில் காதில் எதையோ மாட்டிக்கொண்டு கிடந்தான்.

"கைனே லுஸ்ட், அண்ணா," என்றான், நான் ஒன்றும் கேட்க முன்னமே. விருப்பமில்லையாம்.

"எதுக்கு?"

"எறியிறதுக்கு. நான் இனி எறியமாட்டன்."

"உன்னை ஆர் எறியச் சொன்னது? ஞாயிறு நான்தான் எறியிறன். கடைசி மட்டும் நான்தான். நீ அழுதாலும் தரமாட்டன்."

எழும்பி இருந்தான். "அப்ப நான் என்னத்துக்கு?"

"வாறியா எண்டு கேக்க வந்தனான்."

"வந்து?"

"வந்து இரு. மட்டை எடுத்துக் குடு. சூரியகாந்தி விதை தின். எனக்கென்ன தெரியும்? வராட்டிலும் ஒண்டுமில்லை. கேட்டிட்டுப் போக வந்தனான்."

என்னை ஏற இறங்கப் பார்த்தான். "அண்ணா, உங்களுக்கு ஆள் சேக்கவே தெரியாது."

"ஓம். தெரியாது."

இன்று ஞாயிறு. வந்தான். வருவான் இல்லை அண்ணை, வந்தான். ஒருவரும் தலையில் கை வைக்கவில்லை. நான் எறிந்தேன். முழங்கை நொந்தது. வென்றோம். கீழ் லீக்கில் ஒரு சாதாரண வெற்றி, பத்திரிகையில் ஒரு வரி வருமோ தெரியாது. அவன் வாங்கில் இருந்து விதை தின்று, கோதை ஒரு காகிதக் கோப்பைக்குள் துப்பிக்கொண்டிருந்தான். ஒரு தரம் எதற்கோ சிரித்தான்.

எல்லாரும் போன பிறகு நான் கொண்டெய்னரில் சாமான் அடுக்கிக்கொண்டு நின்றேன். கதவடியில் வந்து நின்றான். கையில் பந்து.

"அண்ணா, ரெண்டு பந்து. சும்மா."

என் கையுறையை அவனிடம் கொடுத்தேன். பிட்சருக்கு எதிரே குந்தியிருந்து பந்து பிடிக்கிறவன் தன் தடித்த கையுறையை வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டான். தட்டில் கிடந்தது ஒன்றுதான், உங்களுடையது. போட்டேன். நான் சொன்னது அப்படியே நடந்திருக்கிறது. தையல் இத்துப்போய், உள்ளே பஞ்சு இல்லை. வெறும் தோல். எண்ணெய் கையில் ஒட்டியது. குந்தி இருந்து, போடு என்றேன்.

முதல் பந்து வேலியில் பட்டது. அவன் முகம் செப்டெம்பர் முகம் ஆனது. நான் பந்தை எடுத்து அவனிடம் எறிந்தேன். இரண்டாவது பந்து.

அது எங்கே வந்தது என்று நான் பார்க்கவில்லை. கையில்தான் தெரிந்தது. அந்த வெறும் தோலுக்குள்ளால் உள்ளங்கையில் இறங்கி, முழங்கை வரைக்கும் எரிந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. குனிந்து கையுறைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு, உங்கள் நாற்றத்தை ஒரு மூச்சு இழுத்தேன்.

உங்களை நான் மன்னிக்கவில்லை. மத்தியாஸுக்காகவும் இல்லை, எனக்காகவும் இல்லை. இதை எழுதும்போதும் இடது உள்ளங்கை இன்னும் சிவந்திருக்கிறது.

நிமிர்ந்தபோது அவன் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றான், நான் ஏதாவது சொல்வேன் என்று. அந்தச் சொல் தொண்டை வரைக்கும் வந்தது, அண்ணை. நான் அதை விழுங்கிவிட்டுக் கேட்டேன்:

"இன்னொண்டு போடுறியா?"